தேக்கடி: ஒரு சுவர் கட்டினதால் வந்த ஊர்

தேக்கடி ஏரி இயற்கையான ஏரி இல்லை. 1895-க்கு முன்னால் அங்கே ஏரியே கிடையாது. இருந்தது ஒரு காட்டுப் பள்ளத்தாக்கும் அதில் மேற்கே பார்த்து ஓடிய பெரியாறும்தான். ஆற்றின் குறுக்கே ஒரு சுவர் எழுந்தது, தண்ணீர் பின்னால் ஏறியது, மலைகளுக்கு நடுவே இருந்த பள்ளங்களெல்லாம் நிரம்பின. இன்று படகில் ஏறி "ஆஹா, இயற்கை!" என்று படம் எடுக்கிற அத்தனை பேரும் படம் எடுப்பது ஓர் அணையின் நீர்த்தேக்கத்தை.

(இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பல விளம்பரத் தாள்களில் அணை பற்றி ஒரு வரிகூட இருக்காது. யானை இருக்கும், புலி இருக்கும், ஏலக்காய் மசாஜ்கூட இருக்கும்.)

இடம் முதலில். குமுளி இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியே இருக்கிற ஊர். தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர் வழியாக மலை ஏறினால் முதலில் வருவது இதுதான். அங்கிருந்து நாலு கிலோமீட்டரில் தேக்கடி படகுத்துறை. ஊர் குமுளி, காடும் ஏரியும் தேக்கடி. இரண்டையும் சேர்த்தே பேசுவது வழக்கம்.

அணையின் கதை அணையைவிட நூறு வருஷம் மூத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல் பக்கம் மழை கொட்டுகிறது, அந்தத் தண்ணீர் அரபிக்கடலுக்குப் போகிறது. மலைக்கு இந்தப் பக்கம் மதுரையும் ராமநாதபுரமும் காய்கின்றன. மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் திருப்ப முடியுமா என்று 1789-லேயே ஆள் அனுப்பிப் பார்த்தவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. செலவுக்கு வழியில்லாமல் அது நின்றது. 1808-ல் கேப்டன் கால்டுவெல் என்ற ஆங்கிலேயர் வந்து பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். (திருநெல்வேலி பிஷப் கால்டுவெல் இல்லை, இவர் வேறு.) 1876-77 தாது வருஷப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த பிறகுதான் சென்னை மாகாண அரசுக்கு இந்த யோசனை மறுபடி அவசரமானது.

1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கிலேய அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. நீரில் மூழ்கப்போகும் நிலம் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், காலம் 999 வருஷம். (தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதேதான். அச்சுப்பிழை இல்லை.) 1970-ல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது, வருஷக் கணக்கு மாறவில்லை.

1887-ல் வேலை தொடங்கியது. பொறுப்பு ஏற்றவர் ராணுவப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக். அணை கட்டும் இடத்தில் வெள்ளம், யானை, மலைக்காய்ச்சல், காலரா எல்லாம் உண்டு. போய்ச்சேர ரோடு மட்டும் கிடையாது. ஆற்றைத் தற்காலிகமாகத் திருப்பிவிடப் போட்ட தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துப் போனது. தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் நோயில் இறந்தார்கள். அணைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கான இடுகாடு இருக்கிறது. பென்னிகுயிக் தன் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்ற கதை தேனிப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்; அரசு ஆவணங்களின்படி செலவு சென்னை மாகாண அரசுடையது. கதை உண்மையோ இல்லையோ, ஜனங்களுக்கு அவர்மேல் இருக்கிற பாசம் உண்மை.

1895 அக்டோபர் 10-ல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கட்டுமானம். சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லைப் பொடித்த தூள், சிமெண்ட் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலத்துச் சாந்துக்கு அதுதான் வலு. உயரம் 176 அடி, நீளம் 1,200 அடி. பெரும்பாலான அணைகள் ஆறு போகும் திசையிலேயே தண்ணீரை விடும். இது விடுவது எதிர்த்திசையில். ஏரியின் தேக்கடிப் பக்கத்து ஓரத்திலிருந்து ஒரு வாய்க்கால், பிறகு மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் ஒரு சுரங்கம். அது வழியாக மேற்கே போகவேண்டிய தண்ணீர் கிழக்கே இறங்கி வைகையில் சேருகிறது.

இந்த அணை இருப்பது கேரளத்தில், நடத்துவது தமிழ்நாடு அரசு. அதனால் வந்த வழக்கும் பழையது. முழு மட்டம் 152 அடி. பாதுகாப்புப் பயத்தில் 1979-ல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் அணைக்கு மேலே கனமான காங்கிரீட் மூடி, முதுகுப் பக்கம் காங்கிரீட் தாங்கல், உள்ளே இரும்புக் கம்பி வடங்கள் என்று பலப்படுத்தினார்கள். 2006-லும் பிறகு 2014 மே 7-லும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. 2014 நவம்பரில் தண்ணீர் அந்த அளவைத் தொட்டது. புது அணை வேண்டும் என்று கேரளமும், இருக்கிற அணை போதும் என்று தமிழ்நாடும் இன்னும் பேசிக்கொண்டேதான் இருக்கின்றன.

சுற்றுலாப் படகு அணை வரை போகாது. அணைப் பகுதிக்குப் பொதுமக்களுக்கு அனுமதியும் இல்லை. ஆக, ஊரையே உண்டாக்கின கட்டடம் எதுவோ அதைத்தான் ஊருக்கு வருகிறவர்கள் பார்க்க முடியாது.

ஏரிக்கு வருவோம். பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். குளம்போல வட்டமாக இருக்காது. மலைகளுக்கு நடுவே விரல் விட்டுப் பிரிந்து பிரிந்து போகும். ஒரு வளைவு திரும்பினால் அடுத்த கிளை, அதைத் திரும்பினால் இன்னொன்று.

படகு கிளம்பின கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்கு மேலே கறுப்பாக நீட்டிக்கொண்டு நிற்கிற மரக்கட்டைகள் தெரியும். கிளை கிடையாது, இலை கிடையாது, பட்டைகூடக் கிடையாது. இதெல்லாம் 1895-ல் மூழ்கின காட்டின் மிச்சம். நூற்று இருபது வருஷத்துக்கு மேலாகியும் மக்காமல் நிற்பதற்குக் காரணம் சாதாரணமானது. மரத்தை அரிக்கிற பூஞ்சைக்குக் காற்று வேண்டும், அடியில் தண்ணீருக்குள் இருக்கிற பகுதிக்குக் காற்று போவதில்லை. அதனால் வேர்ப்பக்கம் உறுதியாக நிற்க, மேலே தெரிகிற பகுதிதான் மெல்லமெல்லத் தேய்கிறது. அந்தக் கட்டைகளில்தான் பறவைகளின் குடித்தனம். பாம்புத்தாரா ஒன்று மீன் பிடித்துவிட்டு ஏறி உட்காரும், இரண்டு இறக்கையையும் முழுசாக விரித்து வெயிலில் காயப்போடும். பக்கத்துக் கட்டையில் நீர்க்காகமும் அதையேதான் செய்யும். படகு பத்தடியில் போனாலும் இரண்டும் கண்டுகொள்ளாது.

ஏரியின் மட்டம் வருஷம் முழுக்க ஏறி இறங்கும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையில் ஏறும். பிறகு தமிழ்நாட்டுப் பாசனத்துக்குப் போகப் போக இறங்கும். சுரங்க வாய் இருக்கும் உயரத்தால் 104 அடிக்குக் கீழே தண்ணீர் எடுக்க முடியாது. அதனால் எந்தக் கோடையிலும் ஏரி வறண்டு போவதில்லை. தண்ணீர் பின்வாங்கின கரையில் புது புல் முளைக்கும். மார்ச், ஏப்ரலில் காட்டுக்குள் ஓடைகள் வற்றும்போது யானை, காட்டெருமை, மிளா எல்லாம் அந்தக் கரைக்கு வரும். கம்பம் வயலுக்குத் தண்ணீர் போவதும் தேக்கடியில் யானை தெரிவதும் ஒரே கணக்கில் வருகிறது.

காடு காப்பாற்றப்பட்டதும் இந்தக் கணக்கில்தான். நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரம் போனால் ஏரியில் மண் சேரும். 1899-லேயே ஏரியைச் சுற்றியுள்ள காடு ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. 1934-ல் திருவிதாங்கூர் அரசு இங்கே நெல்லிக்காம்பட்டி சரணாலயத்தை அமைத்தது. 1950-ல் அது விரிந்து பெரியாறு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 1978-ல் புலிகள் காப்பகம். இன்றைய பரப்பு 925 சதுர கிலோமீட்டர். சபரிமலை இருப்பதும் இந்தக் காப்பகத்துக்குள்தான் என்பது மாலை போடுகிற பலருக்கே தெரியாது.

புலியைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புலி இருக்கிறது, படகு நேரத்துக்கு வருவதில்லை. நம்பிப் போகக்கூடியவை வேறு: நீரோரத்தில் கூட்டமாக விளையாடும் நீர்நாய், கிளைக்குக் கிளை தாவும் மலையணில், கருங்குரங்கு, அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சி, இன்னும் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் செந்நாய்க் கூட்டம்.

ஏரிக்குள் தண்ணீர் சூழ்ந்த ஒரு மேட்டில் இடப்பாளையம் அரண்மனை இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர்கள் கோடைக்கும் வேட்டைக்கும் வந்து தங்கிய இடம். அரண்மனை என்றதும் மைசூர் மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தாழ்ந்த கூரை, நீண்ட வராந்தா, ஏரியைப் பார்த்த அறைகள். இப்போது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தங்கும் விடுதி, மொத்தம் ஆறே அறைகள். படகில் மட்டும்தான் போகமுடியும். வேட்டைக்கு உட்கார்ந்த அதே வராந்தாவில் இன்று உட்கார்ந்து மிருகம் பார்க்கிறார்கள்.

அணைக்கும் அரண்மனைக்கும் முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் மன்னான், பளியர் பழங்குடிகள். தண்ணீர் ஏறியதும் காடு சட்டத்துக்குள் போனதும் அவர்களைக் குமுளி ஓரத்துக் குடியிருப்புகளுக்குத் தள்ளின. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு மட்டும் உண்டு. மூங்கில் தெப்பத்தில் விடியற்காலையில் வலை எடுக்கிறவர்கள் அவர்கள்தான்.

காட்டுக்குள் நடந்து போக வழிகாட்டிகள் உண்டு. இவர்களில் ஒரு குழுவின் பழைய தொழில் வயனா மரத்துப் பட்டை திருடுவது. (வயனா என்பது காட்டு லவங்கப்பட்டை.) ஒவ்வொருவர் மேலும் வன வழக்குகள். 1990-களின் கடைசியில் வனத்துறை அவர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: திருட்டை விட்டால் வழக்கை விடுகிறோம், உங்களுக்குத் தெரிந்த காட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுங்கள். பட்டை திருடத் தெரிந்து வைத்திருந்த தடங்களே பிழைப்பானது. அதேபோல ஊர்ப் பெண்கள் சேர்ந்த வசந்தசேனா என்ற அமைப்பு, சம்பளம் எதுவும் வாங்காமல், முறைவைத்துக் காட்டோரத்தில் ரோந்து போகிறது. இந்தியாவில் மக்களைச் சேர்த்துக் காடு காப்பதற்கு உதாரணம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது பெரியாற்றைத்தான்.

ஒரு கெட்ட நாளும் இங்கே உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே பக்கம் போனதாக அப்போது செய்தி வந்தது. அதன்பிறகு உயிர்காப்புச் சட்டை கட்டாயம், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவும் கூடாது. ஊழியர் அதட்டுகிறார் என்று கோபப்படுகிறவர்கள் இந்தத் தேதியை நினைத்துக்கொண்டால் போதும்.

ஏரிக்கு மேலே, எல்லைக் கோட்டில், வண்ணாத்திப்பாறை மலை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில். உயரம் 1,300 மீட்டருக்கு மேல். மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரையோடு நடந்து மலை ஏறினாள், பதினான்காம் நாள் கோவலனோடு விண்ணுலகம் போனாள், சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்தான் என்பது சிலப்பதிகாரச் செய்தி. அந்த வழியை நடந்தே தேடிப்போய் 1963-ல் இந்தக் கோயில்தான் அது என்று அறிவித்தவர் தமிழறிஞர் சி. கோவிந்தராசனார்.

கோயிலில் இருப்பவை சாந்து இல்லாமல் அடுக்கிய கருங்கல் கட்டடங்கள். பாதி சரிந்து கிடக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு. காப்பகத்துக்குள் இருப்பதாலும், எல்லைத் தகராறாலும், வருஷத்தில் ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமிக்கு மட்டும் திறக்கிறார்கள். இடுக்கி, தேனி இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப் போகும். தமிழ்நாட்டுப் பக்கம் பளியங்குடியிலிருந்து நடைபாதை. மேலே ஒரு சன்னிதியில் தமிழ் முறைப் பூசை, இன்னொன்றில் கேரள முறைப் பூசை. மாலைக்குள் எல்லோரையும் இறக்கிவிட்டு மறுபடி அடைத்துவிடுவார்கள். மிச்ச நாளெல்லாம் அங்கே காட்டுக்குத்தான் ஆட்சி.

குமுளி ஊரில் சரித்திரக் கட்டடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சோதனைச்சாவடிதான் அதன் நினைவுச்சின்னம். சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பேருந்து, அந்தப் பக்கம் கேரளப் பேருந்து. பை தூக்கிக்கொண்டு நூறு அடி நடந்தால் மாநிலம் மாறிவிடும். பெயர்ப்பலகை மலையாளத்தில் இருக்கும், கடைக்காரர் தமிழில் பேசுவார். விடியற்காலையில் கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் ஏலத்தோட்டங்களுக்கு ஏறுவார்கள். மாலையில் அதே ஜீப்பில் இறங்குவார்கள். இங்கே விளைகிற ஏலக்காய் ஏலம் போவது கேரளத்துப் புற்றடியிலும் தமிழ்நாட்டுப் போடிநாயக்கனூரிலும் மாறி மாறி. கடையில் வாங்குகிறவர்கள் பச்சை நிறத்தை மட்டும் பார்க்காமல் காயின் பருமனையும் பார்க்க வேண்டும். 8 மில்லிமீட்டருக்கு மேலே உள்ள காய்க்குத்தான் உயர்ந்த விலை.

1956 மொழிவாரி மாநிலப் பிரிப்பில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழகத்துக்கு வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன, இவை இரண்டும் வரவில்லை. அணை கேரளத்திலும் வயல் தமிழ்நாட்டிலும் ஆனதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

குமுளியிலிருந்து கீழே இறங்கினால் லோயர் கேம்ப். மலைப்பாதையில் வரும்போது சரிவில் இறங்குகிற ராட்சதக் குழாய்கள் தெரியும். சுரங்கம் வழியாக வந்த பெரியாற்றுத் தண்ணீர்தான் உள்ளே. அடியில் மின் நிலையம், பிறகு வயல். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம். லோயர் கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் 2013 ஜனவரி 15-ல் திறக்கப்பட்டது. அவர் பிறந்ததும் ஜனவரி 15 (1841). ஆகவே தேனி மாவட்டத்து ஊர்களில் தைப்பொங்கலும் அவர் பிறந்தநாளும் ஒன்றாகவே பொங்குகின்றன. ஊரில் பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு.

எதிர்த்திசையில், கோட்டயம் சாலையில் போனால், பழைய கட்டடங்கள் வரும். வண்டிப்பெரியாறு தாண்டித் தேயிலைத் தோட்டங்கள். முதலில் காப்பிதான் போட்டார்கள். இலைத்துரு நோய் காப்பியை அழித்ததும் தேயிலை வந்தது. மலை ஏறி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் கூட்டி வந்த தமிழர்கள். குட்டிக்கானத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்குன்று புனித ஜார்ஜ் தேவாலயம், 1869-ல் மிஷனரி ஹென்றி பேக்கர் தொடங்கியது. அதன் கல்லறைத் தோட்டத்தில் தோட்டத் துரைமார்களும் அவர்கள் குடும்பத்தினரும் இருக்கிறார்கள். கூடவே மன்ரோ என்ற துரையின் குதிரையும் அங்கேதான் அடக்கம். (தோட்டத்தில் உழைத்துச் செத்தவர்களுக்கு இப்படிப் பெயர் வெட்டின கல் கிடைக்கவில்லை, குதிரைக்குக் கிடைத்திருக்கிறது.)

குட்டிக்கானத்திலேயே அம்மச்சி கொட்டாரம். திருவிதாங்கூரில் மருமக்கள்தாய முறை. மன்னரின் சகோதரிதான் மகாராணி, மனைவிக்கு அந்தப் பட்டம் கிடையாது. அவரை அம்மச்சி என்பார்கள். அவர் கோடையில் தங்கின வீடு இது. பராமரிப்பு குறைந்து பழசாகி நிற்கிறது. சினிமாக்காரர்களுக்குத்தான் இப்போது அதிகம் தெரியும்.

ஒரு மாநிலத்தில் அணை, இன்னொரு மாநிலத்தின் கையில் நிர்வாகம் என்பது குமுளியோடு முடிகிற விஷயம் இல்லை. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளமும் அப்படித்தான். அணை கேரளத்தில், இயக்குவது தமிழ்நாடு. 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் அதற்கு ஆதாரம். ரோடு மார்க்கமாகப் பரம்பிக்குளம் போக வேண்டுமென்றால் கேரளத்துக்காரரும் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்துதான் போக வேண்டும். அங்கேயும் அணையைச் சுற்றிப் புலிகள் காப்பகம், அங்கேயும் மூங்கில் தெப்பம். கூடுதலாக, கைகோத்து அணைக்க ஐந்தாறு ஆள் தேவைப்படும் கன்னிமாரா தேக்கு.

போகிறவர்களுக்கு: மிருகம் பார்க்க மார்ச் முதல் மே, பசுமை பார்க்க மழை விட்ட அக்டோபருக்குப் பிறகு. ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுக்குள் நடந்தால் அட்டை நிச்சயம், அதற்கான காலுறையை வனத்துறையிலேயே தருவார்கள். படகில் காலையின் முதல் நடைதான் நல்லது, மதியப் படகில் வெயில் மட்டும்தான் தெரியும். சொந்த வண்டி படகுத்துறை வரை போகாது, வெளியே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் போக வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகாதீர்கள். கண்ணகி கோயிலுக்கு சித்திரா பௌர்ணமி தவிர வேறு எந்த நாளிலும் அனுமதி இல்லை. "நான் கூட்டிப்போகிறேன்" என்று குமுளியில் யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள்.